ஒரு முழம் தள்ளி நின்ற மதினி

மதினி என் ஆட்டோவில் ஏற வேண்டுமானால் முதலில் நான் இறங்க வேண்டும். இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். அப்புறம்தான் அவர் லயத்து வாசலை விட்டு இறங்கி வருவார். கை கொடுக்கக் கூடாது. பையை வாங்கக் கூடாது. மழை பெய்தாலும் குடை பிடிக்கக் கூடாது, குடைக் கம்பி எங்கே போய் மாட்டும் என்று யாருக்குத் தெரியும்? முதல் தடவை இதெல்லாம் தெரியாமல் பையை வாங்கக் கையை நீட்டிவிட்டேன்.

"ஒரு மொழம் தள்ளி நில்லுங்க தம்பி."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் காலம் கிடையாது.

"ஏன் மதினி, எனக்கென்ன சொறி சிரங்கா புடிச்சிருக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் உசுரு வெளிய தொங்குது" என்று சொல்லி, இடது கையால் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். 

மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி அல்ல. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பங்காளி அண்ணனைக் கட்டியவர். அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். அண்ணன் கட்டாரில் கட்டட வேலை. யார் பெயரையும் எழுத வேண்டாம் என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முப்பத்திரண்டு வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பதுளைக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் இரத்தம் கழுவ வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. அங்கிருந்து அவரை ஏற்றிப்போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. பதினாலு மாதம் அந்தப் பொறுப்பைச் செய்தேன். நன்றாகச் செய்தேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

இரத்தத்தை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விட ஒரு வழி வேண்டுமல்லவா? அதற்காகக் கழுத்தில் துளை போட்டு, இருதயத்துக்குப் பக்கம் வரைக்கும் போகிற பெரிய இரத்தக் குழாய்க்குள் ஒரு டியூப் வைத்திருந்தார்கள். அது தோலுக்கு அடியிலேயே வந்து நெஞ்சில் வெளிப்பட்டு, இரண்டு வாலாகத் தொங்கும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. இரண்டு வாலிலும் ஒவ்வொரு கிளிப். மதினி அந்த வால்கள் இரண்டையும் வைக்க ஃப்ளானல் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதைச் சட்டைக்குள் பின் குத்தி வைத்திருப்பார். டியூப் தன் கனத்தில் இழுபடக் கூடாதாம். சட்டையும் தோளில் கொக்கி வைத்து அவரே தைத்தது. மெஷினில் போடும்போது சட்டையைக் கழற்ற வேண்டாம், தோளைத் திறந்தால் போதும்.

அது மூன்றாவது டியூப். முதல் டியூப் மஞ்சளால் போனது. புண் ஆறட்டும் என்று மாமியார் நல்ல மனசோடுதான் மஞ்சளை அரைத்து, பிளாஸ்டரைத் தூக்கி உள்ளே அப்பியிருக்கிறார். நாலாம் நாள் காய்ச்சல், கிருமி இரத்தத்தில் ஏறி, டியூப்பைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அப்புறம் இடது பக்கம் ஒன்று போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய குழாயே உள்ளுக்குள் அடைத்துக்கொண்டது, முகமும் கையும் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டார். திரும்பவும் வலது பக்கம் பாடுபட்டு இதை வைத்த டொக்டர், மதினியிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாராம். கழுத்தில் இனி இடமில்லை, இதையும் தொலைத்துவிட்டு வந்தால் நான் என்ன செய்வது என்று. கூடவே வலது முழங்கையில் இரண்டு குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அந்த நரம்பு தடித்துப் பெரிதாகிவிட்டால் அதிலேயே ஊசி போட்டு இரத்தம் கழுவலாம், கழுத்து டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று மாதம் டியூப் தாங்க வேண்டும். மதினியின் வாழ்க்கை அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

சட்டங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தவை. டியூப் நனையக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. கழுத்துக்குக் கீழே துணி நனைத்துத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிளாஸ்டர் நனைந்தாலோ கழன்றாலோ எந்த நாள், எந்த நேரம் என்றாலும் அப்போதே வர வேண்டும். காய்ச்சல் குளிர் என்றால் ஓடி வர வேண்டும். அந்த டியூப்பில் மெஷின் நர்ஸ் மிஸ்ஸிமாரைத் தவிர வேறு யாரும் இரத்தம் எடுக்கவோ மருந்து ஏற்றவோ விடக் கூடாது. இதெல்லாம் எல்லா நோயாளிக்கும் சொல்வதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்து பாதியை மறந்துவிடுவார்கள். மதினி மறக்கவில்லை. அதற்கு மேல் பத்துச் சட்டம் தானாகவே போட்டுக்கொண்டார்.

மெஷின் போடுகிற மிஸ்ஸிமாரிடமே, "கை கழுவினீங்களா மிஸ்ஸி?" என்று கேட்பார். சிங்கள மிஸ்ஸி என்றால் சிங்களத்தில் கேட்பார். அவருக்கு நன்றாகத் தெரிந்த சிங்களம் அந்த ஒரு வாக்கியம்தான். ஆரம்பத்தில் ஒருத்தருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்ததாம். பிறகு அதுவே விளையாட்டாகிப் போனது. மதினி கட்டிலில் சாய்வதைப் பார்த்ததும் மிஸ்ஸிமார் ஈரக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே வருவார்கள். மூடியைத் திறக்கும்போது மதினி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரரும் திரும்ப வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். வாசலில் நிற்கிற என்னையும் ஒரு பார்வை பார்ப்பார், நானும் ஏதோ குற்றவாளி மாதிரி வெளியே போய் நிற்பேன்.

ஒரு தடவை தோட்டத்துக்கு ஒரு தலைவர் வந்தார். எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள், எல்லாத் தலைவரும் ஒரே மாதிரித்தான். நோயாளிகளுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுக்கிற விழா. மதினியின் முறை வந்தது. தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு கிட்டே போனார். மதினி ஓரடி பின்னால் போனார். தலைவர் இன்னும் கிட்டே. மதினி இன்னும் பின்னால். படம் எடுப்பவன் கெமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் பின்னாலும் நகர்கிறான். கடைசியில் முதுகு கோயில் சுவரில் முட்டியதும், "ஐயா, கழுத்துல வேணாங்க. கையில குடுங்க, நான் வீட்டுல போயி போத்திக்கிறேன்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் முகம் தொங்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை. பொன்னாடையின் சரிகை பிளாஸ்டரில் உரசியதா இல்லையா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று. பதுளையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல் எதையோ சொல்லி அவரைச் சீண்டிக்கொண்டிருந்தேன். பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தால், மதினி சீட்டில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், தலை தாழ்ந்து கிடக்கிறது.

"தம்பி, வண்டியத் திருப்புங்க. அவசரப்படாம திருப்புங்க."

சட்டைக் கொக்கி வழியாகத் தோள்பையின் வார் உள்ளே போய் நீல வாலில் சிக்கி, கிளிப் உடைந்து, மூடியும் கழன்றுவிட்டிருக்கிறது. ஃப்ளானல் பையெல்லாம் இரத்தம். மதினி டியூப்பை மடித்து இரண்டு விரலால் நெரித்துப் பிடித்திருந்தார்.  ஐயோ, இவ்வளவு ரத்தமா என்று கத்திவிட்டேன்.

"ரத்தம் வெளிய வந்தாக்கூட பரவாயில்ல தம்பி. காத்து உள்ள போச்சுன்னா நேரா நெஞ்சுக்குத்தான் போகும். நீங்க பேசாம ஓட்டுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்த இரண்டு விரல் அசையவில்லை. மிஸ்ஸி வந்து டியூப்பில் இடுக்கி போட்ட பிறகும் விரலை விரிக்க முடியவில்லை, விறைத்துப்போயிருந்தது. முனையை மாற்றி, சுத்தம் பண்ணி, இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். வேறு யாராவது என்றால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று மிஸ்ஸி என்னிடம் சொன்னார். மதினி வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, தோள்பையின் வாரைக் கத்தரியால் வெட்டி எறிந்ததுதான்.

ஒரு முழம் தள்ளி நிற்பது பெரியவர்களுக்குப் பழகிவிடும். அவருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. அம்மாவைக் கண்டால் குரங்குக் குட்டி மாதிரி கழுத்தில் தாவுகிற பிள்ளை. முதல் மாதமே அதை ஹாலிஎல டவுனில் இருந்த தன் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். பதுளையிலிருந்து திரும்பும்போது அந்த வீட்டு முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்வார். ஆட்டோவை விட்டு இறங்க மாட்டார். பிள்ளை ஓடி வரும். மதினி கையை நேராக நீட்டுவார், பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கை நீளம்தான் அவர்களுக்கு. பள்ளிக்கூடத்தில் என்ன படித்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். பிள்ளை முதலில் அழுதது, பிறகு அழுவதை விட்டுவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

லயத்தில் பெண்கள் மெல்ல மெல்ல அவர் காம்பராப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். போனால் கை கழுவச் சொல்கிறாள், தள்ளி உட்காரச் சொல்கிறாள், இது என்ன பெரிய தொரைசாணி என்று பேச்சு. மாமியார் மஞ்சள் விஷயத்துக்குப் பிறகு கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மதினி மட்டும் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்து, புரண்டு படுக்காமல் தூங்கினார். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, கை நரம்பு தடிப்பதற்காக ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் வண்டியில் வரும்போது தானாகச் சொன்னார்.

"தம்பி, புள்ள கையப் புடிக்கிறத விட்டா, இப்ப என்னயத் தொடுறது மொத்தமா மூணே பேருதான். மெஷின் மிஸ்ஸிமாரு மூணு பேரு. அதுவும் கையுறை போட்டுக்கிட்டு."

நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். 

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் தண்ணீர். முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றி விளையாடுவோம். மதினி கொழுந்தனுக்கு, கொழுந்தன் மதினிக்கு, மாமன் பிள்ளை அத்தை பிள்ளைக்கு. அன்றைக்குக் காய்ந்த சேலையோடு நிற்கிறவர்கள் புருஷன் இல்லாதவர்கள் மட்டும்தான். அவர்கள் மேல் ஊற்ற மாட்டார்கள். நோய் வருவதற்கு முன்னால் எங்கள் மதினிதான் முதலில் நனைகிற ஆள். அவரை நனைக்கப் பெண்கள் வாளியை ஒளித்து வைத்துக்கொண்டு அலைவார்கள். நோய் வந்த பிறகு, போன வருஷத் திருவிழாவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். இந்த வருஷம் வாசல் வரைக்கும் வந்து நின்றார். கை நரம்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி, அதில் ஒரு தெம்பு. பிள்ளையை மட்டும் கூட்டி வரவில்லை, கூட்டத்தில் தாவிவிடும் என்று.

நான் அன்று குடித்திருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, திருவிழா என்றால் குடிப்பேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"பாரேன், புருஷன் கல்லு மாதிரி இருக்கையிலயே தாலியறுத்தவ மாதிரி காஞ்சு போயி நிக்கிறா."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. என் மதினியை எவள் அப்படிச் சொல்வது? ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரை மொண்டுகொண்டு நேராக வாசலுக்குப் போனேன். ஒரு முழம் தள்ளியே நின்றேன்.

"மதினி, கால்ல மட்டும்."

செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். இடது கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை முன்னால் நீட்டினார்.

"கால்ல மட்டுந்தான்."

ஊற்றினேன். விரலிலிருந்து கணுக்கால் வரைக்கும் நனைந்தது. மதினி சிரித்தார். பதினாலு மாதத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"அடியே, மதினிக்கு ஊத்தலாமாம்டி!"

யார் கத்தினது என்று தெரியாது. ஒரு வருஷமாக அவருக்குப் பயந்து தள்ளி நின்ற கூட்டம். காம்பராவின் பக்கவாட்டிலிருந்து ஒரு வாளி, அதற்குப் பின்னால் இன்னொரு வாளி. உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் மஞ்சள். எல்லாம் ஆசையில் செய்ததுதான், ஒருத்தர் மனசிலும் விஷம் இல்லை. மதினி அந்தச் சிரிப்பு மாறாமலேயே ஒரு கணம் நின்றார். அப்புறம் கை சட்டைக்குள் போயிற்று. அவர் முகம் மாறினதை நான்தான் பார்த்தேன்.

உள்ளே போய்த் துணி மாற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

"தம்பி, வண்டிய எடுங்க. பிளாஸ்டர் ஊறிப்போச்சு. பையும் ஊறிப்போச்சு. இப்பவே போகணும்."

"மதினி, இப்ப இருக்கிற நெலமையில நான் ஓட்டினா ரெண்டு பேரும் பள்ளத்துலதான் கெடப்போம்" என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். மற்ற ஆட்டோக்காரர்களும் என்னைப் போலத்தான் இருந்தார்கள். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. "விடிஞ்சதும் மொத ஆளா போயிருவோம். ஒரு ராத்திரியில என்ன ஆயிடப் போவுது?"

மதினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஈரப் பிளாஸ்டரை எடுத்துவிட்டு, அவசரத்துக்கு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருந்த பிளாஸ்டர் பாக்கெட்டைப் பிரித்து, கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒட்டிக்கொண்டிருக்கிறார். தன் கையை எத்தனை தடவை கழுவியிருப்பாரோ.

திங்கட்கிழமை காலை போனோம். அன்று இருந்தது பதுளைக் கடைத்தெரு முஸ்லிம் குடும்பத்திலிருந்து வந்த மிஸ்ஸி. நல்ல தமிழ் பேசுவார், மதினி மேல் உயிர். பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. டியூப் வெளியே வருகிற இடத்தைச் சுற்றித் தோலெல்லாம் மஞ்சள்.

"எப்படி நனைஞ்சிச்சு?"

நான் பையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தலைக்குக் குளிச்சிட்டேன் மிஸ்ஸி. மஞ்ச தேச்சு."

"நீங்களா?"

"அரிப்பு தாங்க முடியல."

மிஸ்ஸி கொட்டித் தீர்த்துவிட்டார். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் ஒங்களத்தானே காட்டுவேன், இவங்களப் பாருங்க, இப்பிடி இருக்கணும்ன்னு சொல்லுவேன், நீங்களே இப்பிடிப் பண்ணினா நான் யாரைச் சொல்றது என்று ஹாலில் இருக்கிற அத்தனை கட்டிலுக்கும் கேட்கத் திட்டினார். எட்டுப் பேர் மெஷினில் படுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மதினி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், "நான்தான் மிஸ்ஸி" என்று. வரவில்லை.

திரும்பும்போது கேட்டேன், ஏன் மதினி அப்படிச் சொன்னீங்க என்று.

"ஒங்க பேரச் சொன்னா, இனிமே அந்த ஆளு வண்டியில வராதீங்கம்பாங்க. அப்புறம் யாரு தம்பி என்னயக் கூட்டிட்டு வருவா?"

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மெஷின் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் குளிர் எடுத்தது. கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். டியூப்புக்குள் ஒட்டியிருந்த கிருமியை மெஷின் உடம்பெல்லாம் தள்ளிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மெஷினை நிறுத்தி, மருந்து ஏற்றி, மறுநாள் டியூப்பையும் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தொடையில் ஒன்று போட்டார்கள். அதிலும் காய்ச்சல் விடவில்லை. கை நரம்பில் குத்திப் பார்த்தார்கள், முற்றாத நரம்பு, உடைந்து கையெல்லாம் கன்னங்கரேலென்று வீங்கிவிட்டது. கிருமி இருதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பத்தொன்பது நாள் கிடந்தார். நான் தினமும் போனேன். கடைசி இரண்டு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கழுவினீங்களா என்று கேட்கவில்லை.

அண்ணன் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். லயத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"அவ்வளவு பத்தரமா இருந்தவளாச்சேடா. எப்பிடிடா ஆச்சு?"

என்னைத்தான் கேட்டார். வாளி தூக்கினவர்களும் அங்கேதான் நின்றார்கள்.  எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தலைக்குக் குளிச்சிருச்சுண்ணே" என்றேன்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவ! எத்தன வாட்டி போன்ல சொல்லியிருப்பேன். தலைக்குக் குளிச்சு உசுர விட்டிருக்காளே. கூறு கெட்டவ." செத்துப்போன மதினியை அவர் திட்டத் திட்ட நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு என் தோளைப் பிடித்து, கூடப்பிறந்தவன் மாதிரி பாத்துக்கிட்டடா என்று அழுதார். இரண்டு வாரத்தில் திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளை ஹாலிஎலையில் பெரியம்மா வீட்டிலேயே வளர்கிறது. இப்போது ஏழு முடிந்து எட்டு. இரண்டு வருஷமாக நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறேன், இன்னும் மூன்று பிள்ளைகளோடு சேர்த்து. முன்னால் என் சீட்டிலேயே ஒட்டிக்கொண்டுதான் உட்காரும். வழியெல்லாம் சித்தப்பா, சித்தப்பா என்று ஓயாத வாய். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் காலையில் எழும்புகிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க தம்பி. தலையெல்லாம் பேனு புழுத்துப் போச்சு, டீச்சர் எழுதி அனுப்பியிருக்காங்க. சின்னதுல ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சு ஊத்திருவோம். இப்ப முடியல. தலைக்கு ஊத்தப் போனா வெட்டுறாப்பல கத்துறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அவர் வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டார். பிள்ளை பின் வாசல் படியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏன் தங்கம், குளிச்சா என்ன?"

"தலைக்குக் குளிச்சா செத்துப்போவாங்க சித்தப்பா. அம்மா அப்பிடித்தானே செத்தாங்க. அப்பா சொன்னாரு."

அப்பாவுக்கு யார் சொன்னது? சொன்னது நான். இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளை தலையில் தண்ணீர் விழுகிற ஒவ்வொரு தடவையும் சாகப் போகிறோம் என்று நினைத்துக் கத்தியிருக்கிறது.  இதற்கு மேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"உங்கம்மா தலைக்குக் குளிக்கல தங்கம். ஒரு நாளும் குளிக்கல. அம்மாவுக்கு நெஞ்சுல டியூப் இருந்துச்சு, அது நனையக் கூடாது. திருவிழாவுல நான்தான் மொதல்ல தண்ணிய ஊத்தினேன். நான் ஊத்தினதப் பாத்துட்டு மத்தவங்க ஊத்தினாங்க. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாங்க, நான் குடிச்சிருந்தேன், போகல. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. ஒனக்கு டியூப் இல்ல, நீ தாராளமா குளிக்கலாம்."

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அழும் என்று நினைத்தேன். அழவில்லை.

"வெந்நியா, பச்சத்தண்ணியா?"

"என்னது?"

"அம்மா மேல ஊத்தினது."

"பச்சத்தண்ணி. பீலித் தண்ணி."

"குளிர்ந்திருக்கும்" என்றது.

பெரியம்மா வெந்நீரைக் கொண்டுவந்து விளாவினார். பிள்ளை தானாக எழுந்து போய்க் குந்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தலையைக் கொடுத்தது. ஒரு சத்தம் இல்லை. என்ன மாயம் பண்ணினீங்க தம்பி என்று பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பாதியோடு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் வாசலில் ஹார்ன் அடித்தேன். பெரியம்மா மட்டும் வெளியே வந்தார்.

"பஸ்ஸுல போறேன்னு ஒத்தக் கால்ல நின்னு போயிட்டா தம்பி. இனிமே பஸ்ஸுலதானாம். ஏன்டி, சித்தப்பா ஏதும் ஏசினாரான்னு எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லங்கிறா. வாயத் தெறக்க மாட்டேங்கிறா."

மற்ற மூன்று பிள்ளைகளும் பின்னால் ஏறினார்கள். நான் வண்டியை எடுத்தேன்.